மருதமரத்து வௌவால்களுக்காக வாதாடியவர்

தூத்துக்குடிச் சந்தையில் கொய்யாக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது சுப்பையா சாரின் மகள் செல்வி போனில் அழைத்தாள். "மாமா, அப்பா போயிட்டாவ." அந்த நொடியில் துறைமுகத்துக் கப்பல்கள் அத்தனையும் ஒன்றாக ஊதின. என் காதால் கேட்டேன்.

சாரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஏழாம் வகுப்பு; அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. என்னோடு சரிக்குச் சரி வாதாடிய ஒரே பட்டதாரி அவர்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கொய்யாத் தோப்புகளில் காய்கள் கடிபட்டுக் குவிந்தன. ஆற்றங்கரை மருதமரத்தில் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள்தான் காரணம் என்று முடிவுகட்டினோம். ஒரு லட்சமாவது இருக்கும். சார் முந்நூறு என்பார். எண்ணிக்கையில் அவர் கொஞ்சம் கஞ்சர். மரத்தை வெட்டக் கோடரியோடு முதல் ஆளாக நின்றவன் நான். சார் குறுக்கே வந்து நின்றார்.

"அண்ணாச்சி, முதல்ல தோப்பைக் காட்டும்."

உதிர்ந்தவற்றைப் பொறுக்கிப் பார்த்தார். "வௌவால் பழுத்ததைத் தேடும். சாறைக் குடிச்சிட்டுச் சக்கையைத் துப்பும். இது பூராவும் பச்சைக்காய். ஒரு கடி கடிச்சு எறிஞ்சிருக்கு, கொப்பையும் ஒடிச்சிருக்கு. நாட்டுக்குரங்கு வேலை வே. குரங்கு பகல்லதான வரும்? பகல்ல யாரு காவல்?"

"ராவெல்லாம் வௌவாலுக்குக் காவல் இருந்துட்டு, பகல்ல எல்லாரும் தூங்குதோம் சார்."

"ராவுல வௌவாலுக்குக் காவல், பகல்ல குரங்குக்கு விருந்து. நல்ல தோப்பு வே!"

காவலைப் பகலுக்கு மாற்றினோம். முதல் நாளே நாற்பது குரங்குகளை நான் ஒற்றை ஆளாக விரட்டினேன். மரம் தப்பியது. "குரங்கையும் ரொம்ப வையாதீரும், அதுக்கும் வயிறு இருக்கு" என்றார் சார்.

அவரது இறுதி ஊர்வலம் அந்த மரத்தடி வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் பக்கம் வேட்டு இல்லாமல் பெரிய மனிதரை எடுப்பதில்லை. சாரின் தம்பி சரவெடியோடு வந்தார். மறித்தேன்.

"எங்க அண்ணனை அநாதை மாதிரியா அனுப்பச் சொல்லுதீரு?"

"மேல பாரும். குட்டி போட்டிருக்கிற நேரம். ஒரு வெடி போட்டா தாயெல்லாம் பதறிப் பறக்கும், குட்டி கீழ விழுந்துரும்."

அவர் கேட்கவில்லை. செல்விதான் அழுகையினூடே சொன்னாள்: "வேண்டாம் சித்தப்பா. அப்பா இருந்தா உங்க கையைப் பிடிச்சிருப்பாவ."

வெடி பைக்குள் போனது. மேளமும் நின்றது. காலடிச் சத்தம் மட்டும் மரத்தடியைக் கடந்தது. தலைக்கு மேலே ஒரு தாயின் சிறகுக்குள்ளிருந்து குட்டி ஒன்று தலைநீட்டிப் பார்த்தது. மறுபடி உள்ளே நுழைந்து உறங்கிப்போனது.

நிம்மதியாகப் போய் வாருங்கள், சார்.