இருமல்காரரும் ஜன்னல்காரரும்

எங்கள் ஊர் முக்கூடலில் இருமலை யாரும் நோயாக மதிப்பதில்லை. பீடி சுற்றுகிற ஊர். தூளுக்கு ஒரு தும்மல், புகைக்கு ஒரு இருமல் என்று எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது. தெருவில் வருவது யார் என்று இருமலை வைத்தே சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட ஊரில், இருமல் சத்தம் கேட்டாலே எழுந்து ஓடுகிற ஒரு மனிதர் வந்து குடியேறினால் என்ன ஆகும்? அவர்தான் என் மாமா, அம்மாவின் தம்பி.

மாமா லாரி ஓட்டிப் பம்பாய் வரை போய்வந்தவர். தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, ஆளே பாதியாகி ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வண்டி ஓட்டி அலுத்துவிட்டது என்றார். அப்பா நம்பினார். மாமாவுக்கு எச்.ஐ.வி. இருந்தது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அதை மாமாவே சொன்னது பல வருஷம் கழித்து. ஆனால் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாங்கள் நினைத்ததுபோலவே நீங்களும் அவரைக் கிறுக்கன் என்று நினைப்பீர்கள். திருநெல்வேலியில் அவரைப் பார்த்த டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: இந்தக் கிருமி இருக்கிற உடம்பில் காசநோய் சுலபமாகப் புகுந்துவிடும், புகுந்தால் ஆளைச் சாய்த்துவிடும். ஏற்கெனவே அது இல்லை என்று உறுதியானால், இனிமேலும் வராமல் இருக்கத் தினம் ஒரு மாத்திரை தருவேன். வாரக்கணக்காக இருமுகிறவர்களோடு அடைத்த அறையில் உட்காராதே, ஜன்னலைத் திறந்து வை.

பீடி சுற்றுகிற வீட்டில் ஜன்னலைத் திறப்பதாவது! அது ஆனி மாதம். மேற்கே மலையிலிருந்து இறங்குகிற காற்று ஆளையே தள்ளும். தூள் பறக்கக் கூடாதென்று எங்கள் தெருப் பெண்கள் வெயில் காலத்திலேயே மின்விசிறி போடமாட்டார்கள். மாமா வந்த மறுநாள் இருந்த ஜன்னல் அத்தனையையும் விரியத் திறந்து, மூடாமல் இருக்கக் கயிறு வேறு போட்டுக் கட்டினார். அம்மாவின் தட்டிலிருந்த புகையிலைத் தூள் என் தலைமேலும் சாமி படங்கள்மேலும் குழம்புச் சட்டிக்குள்ளும் போய் விழுந்தது. அன்று அப்பா சாப்பிட்டுவிட்டு, குழம்பில் மிளகு கொஞ்சம் தூக்கல் என்று பாராட்டினார். ஒரு சிட்டிகைத் தூள் சிந்தினாலே என் தொடையைக் கிள்ளுகிற அம்மா, தம்பியை ஒரு சொல் சொல்லாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படி மூலைக்குப் போய்விட்டாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

பெரியப்பாதான் சிக்கல். அப்பாவின் அண்ணன், ஓய்வுபெற்ற டிரில் வாத்தியார். தெருக்கோடியில் அவர் வீடு. தினமும் சாயங்காலம் வந்து, எங்கள் வீட்டில் கைவைத்த ஒரே நாற்காலியில், டி.வி.க்கு நேர் எதிரே உட்காருவார். செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் இவரும் கைகூப்பிப் பதில் வணக்கம் சொல்வார். நடுநடுவே இருமுவார். தைப் பொங்கலுக்குத் தொடங்கிய இருமல் ஆனியிலும் நின்றபாடில்லை. விசில் ஊதி ஊதித் தேய்ந்த தொண்டை என்று அவரே காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார். பெரியம்மா சுக்குக் கஷாயம் வைத்து வைத்துச் சலித்துவிட்டாள். ஆஸ்பத்திரிப் படியை மிதித்ததில்லை என்பது அவருடைய பெருமைகளில் தலையாயது.

அவர் முதல் இருமல் இருமியதும் மாமா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். கொஞ்ச நாள் இப்படியே ஓடியது. பிறகு மாமா ஒரு காரியம் செய்தார். டி.வி.யைத் தூக்கி ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்து, நாற்காலியை வெளியே வேப்பமரத்தடியில் போட்டார். வெளியில் நல்ல காற்றோட்டமாக இருக்கும் என்று பெரியப்பாவிடம் பவ்வியமாகச் சொன்னார். காற்றோட்டம் இருந்தது. கூடவே தெருவே வந்து கூடிவிட்டது. செய்தி வாசிக்கிறவருக்குப் பெரியப்பா கைகூப்பியபோது வாண்டுகள் எல்லாம் சேர்ந்து கைகூப்பிச் சிரித்தன. ஒரு ஆடு அவர் மேல்துண்டின் நுனியைத் தின்றது. பெரியப்பா எழுந்தார், துண்டை ஆட்டின் வாயிலிருந்து பிடுங்கினார், போய்விட்டார். மறுநாள் வரவில்லை.

அப்பா அடுப்படி வாசலில் நின்று அம்மாவிடம், குரலை உயர்த்தாமலே சொன்னார்.

"எங்க அண்ணன் உக்காந்தா உன் தம்பி எந்திரிச்சிப் போறான். ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் இந்த வீட்டுக்கு வரணும்னா, அது எங்க அண்ணன்தான். சொல்லிரு அவன்ட்ட."

அம்மா வாயைத் திறந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அந்த உண்மை தெரிந்திருந்தால், எங்கள் வீட்டில் மட்டுமில்லை, மாமாவுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட ஊரில் ஒரு வீடு இருந்திருக்காது. சொல்லாவிட்டாலோ நாற்காலி உள்ளே வரும், இருமலும் கூடவே வரும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அடுத்த நாள் காலையில் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனார். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டார். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மாமா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"எனக்கும் இருமலா இருக்கு அத்தான். சளிய டெஸ்ட் பண்ணணும்னு டாக்டர் சொல்லுதாரு. தனியாப் போகப் பயமா இருக்கு."

மாமா இருமி நான் பார்த்ததேயில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன், மாமா என் காலை மிதித்தார். பெரியப்பாவின் முகம் மெல்லத் திரும்பியது.

"பம்பாய்க்கு லாரி ஓட்டினவனுக்கு, இங்கன இருக்க திருநெல்வேலிக்குப் போகப் பயமாலே?" என்று கேட்டார். கேட்ட குரலில் கோபமே இல்லை. ஆட்டை மறந்துவிட்டார். ஒரு சின்னப் பிள்ளைக்கு இருக்கிற தைரியம்கூட மாமாவுக்கு இல்லை என்று நிரூபிக்க என்னையும் அழைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் மாமா பெரியப்பாவுக்கு ஜன்னலோர இருக்கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, தான் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தார். பெரியப்பா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, வழி நெடுக இருமியபடியே மாமாவின் பணிவை என்னிடம் மெச்சினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஏனோ இரண்டு டப்பாக்கள் கொடுத்தார். பின்னால் மரத்தடிக்குப் போய், ஆழமாக இருமிச் சளியைத் துப்பி வரச் சொன்னார். மாமா டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். க்கும் என்றார். ஒன்றும் வரவில்லை. பெரியப்பாவுக்குள் இருந்த டிரில் வாத்தியார் விழித்துக்கொண்டார்.

"நேரா நில்லு. நெஞ்ச விரி. மூச்ச இழு. பிடி."

மாமா எல்லாவற்றையும் தப்பாகச் செய்தார். இவ்வளவு மோசமான மாணவனைப் பெரியப்பா பார்த்திருக்கமாட்டார். கடைசியில் பொறுக்க முடியாமல் இரண்டாவது டப்பாவைப் பிடுங்கி, "இங்கன பாருலே" என்று, மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறக்க ஒரு இருமல் இருமித் துப்பிக் காட்டினார். மாமா மரத்தின் அந்தப் பக்கமாகப் போய், வெற்றிலைக் கறை படிந்த சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது. பிறகு தன் டப்பாவிலும் எதையோ துப்பி வந்தார். நர்ஸ் டப்பாமேல் எழுதப் பெரியப்பாவிடம் பெயர் கேட்டார். அவர் பெயரோடு பழைய பதவியையும் சேர்த்தே சொன்னார்.

முடிவு வந்தது. மாமாவுக்குக் காசநோய் இல்லை. பெரியப்பாவுக்கு இருந்தது. எங்கள் வீட்டில் எல்லாரையும் பெரியம்மாவையும் கூட்டிப்போய்ச் சோதித்தார்கள், வேறு யாருக்கும் இல்லை. அப்பா விஷயத்தைச் சொன்னபோது அம்மா பீடித் தட்டை அப்படியே தள்ளிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. தம்பி தப்பினான் என்ற அழுகை அது. பெரியப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நெகிழ்ந்துபோனார். "எனக்கு ஒண்ணும் ஆகாது பிள்ள, அழாத" என்று அவர் தேற்றத் தேற்ற அம்மா இன்னும் அழுதாள். தம்பி பெண்டாட்டியே இவ்வளவு அழுகிறாள், நீ சும்மா இருக்கிறாயே என்று அவர் பெரியம்மாவிடம் சண்டை பிடித்ததாகக் கேள்வி.

இரண்டு பேரும் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார்கள். பெரியப்பாவுக்கு வந்ததைத் தீர்க்க, மாமாவுக்கு வராமல் தடுக்க. நோயில்லாதவருக்கு எதற்கு மாத்திரை என்று அப்பா கேட்டதற்கு, நெஞ்சில் பலமில்லை என்று அம்மா சமாளித்துவிட்டாள்.

அதற்கப்புறமும் பெரியப்பா எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. சாயங்காலம் எதிர்வீட்டுச் சுவரோரம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஜன்னல் வழியே தெரிகிற டி.வி.யைப் பார்ப்பார். இருமல் வந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாமாவைப் பற்றி யாரும் அவரிடம் எதையும் சொல்லவில்லை. விவரமான ஆள், அவராகவே கூட்டிக் கழித்துப் பார்த்திருக்க வேண்டும். இதெல்லாம் இன்று எழுதும்போது எனக்குத் தோன்றுவது.

ஒருநாள் சாயங்காலம் அம்மா அவருக்குக் காபி கொடுத்து என்னை அனுப்பினாள். மாமா உள்ளே வரச் சொல்லுதாங்க என்றேன்.

"அவன் சொல்லுவான். டாக்டர் போகலாம்னு சொல்லட்டும், அப்ப வாரேன்" என்றார் பெரியப்பா. "ஏட்டி, உங்க மாமா இன்னைக்கு மாத்திரை போட்டுட்டானா?"

போட்டார் என்றேன்.

"நீ பாத்தியா?"

பார்த்தேன் என்றபிறகுதான் தம்ளரைக் கையில் வாங்கினார். ஒவ்வொரு நாளும் இதே கேள்விதான். மாமா ஒருநாள் மறக்கமாட்டாரா, பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு ஓடிவந்து, பெரியப்பாவுக்கு மாமா மேல் இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை என்று அம்மாவிடம் வத்தி வைத்தேன்.