ஒரே சாவி

வெளிநாட்டிலிருந்து வாப்பா அனுப்பிய வேலை விசா அலமாரியில் கிடந்தது. மகளுக்கு அப்போது ஆறு மாதம். "நாங்க செய்யுத பெட்டி பஸ்ஸுல ஓடிட்டா நான் போகமாட்டேன்" என்று மேலப்பாளையம் வீட்டில் சொல்லிவைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டை மாடி அறையொன்றில் பஸ்ஸுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி செய்துகொண்டிருந்தோம், நானும் என் கூட்டாளி அண்ணாச்சியும்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் பெட்டி பஸ்ஸின் வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்லும். என்னுடையது அதைக் கேட்டு, வேகம் மிஞ்சினால் டீசலைக் குறைக்கும். அவர் பெட்டி பேசும்வரை என்னுடையது டீசலைத் திறக்காது. புரோகிராமைத் தனித்தனியாக எழுதினோம். மேஜையில் இரண்டையும் இணைத்து எத்தனையோ தடவை ஓட்டினோம். ஒரு தகராறும் இல்லை.

"ஒரு பஸ்ஸுல மாட்டிப் பாத்துருவோம் அண்ணாச்சி."

"மேஜையில ஓடுதது வண்டியில ஓடாதாலே? சும்மா கெட."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அந்த வாயை இன்றும் திட்டுகிறேன்.

பெட்டிகளை வாங்கவிருந்த பஸ் முதலாளியின் வண்டியில் நேராக மாட்டினோம். அவர் முன்னால் டிரைவர் சாவியைத் திருகினார். இன்ஜின் எடுக்கவில்லை. மறுபடி திருகினார். வயரைப் பிடுங்கி மாட்டினேன். ம்ஹூம்.

"நல்லா ஓடுன வண்டிய நிப்பாட்டிட்டியளே வே. கழத்துங்க, டிரிப்புக்கு நேரமாச்சு" என்றார் முதலாளி.

பத்து நிமிஷம் கேட்டுக் கெஞ்சினேன். யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. கழற்றினோம். பஸ் போய்விட்டது.

அறைக்குத் திரும்பி மேஜை முன் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அங்கே ஆளுக்கொரு சுவிட்ச். மூத்தவர் பெட்டிக்கு முன்னால் என் பெட்டியைப் போட எனக்குக் கை வந்ததே இல்லை. அவருடையது விழித்துக் காத்திருக்கும். பிறகு என்னுடையது 'தயார்' என்று ஒரே ஒரு தடவை சொல்லும். அதைக் கேட்டுத்தான் அவருடையது பேச ஆரம்பிக்கும். பஸ்ஸிலோ இரண்டுக்கும் ஒரே சாவி. என் பெட்டி முந்திக்கொண்டு சொன்னபோது அவர் பெட்டி இன்னும் விழிக்கவே இல்லை. அப்புறம் இரண்டும் சும்மா நின்றன.

பதில் வரும்வரை சொல்லிக்கொண்டே இரு என்று என் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். சாயங்காலமே சரியாகிவிட்டது. அண்ணாச்சி முதலாளிக்குப் போன் செய்தார்.

"வேற ஆளப் பாத்துட்டாராம்லே" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அலமாரியில் கிடந்த விசாவில் போய், முதல் லீவில் ஊர் வந்தபோது மகளுக்கு மூன்று வயது நெருங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் உம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். என் வாப்பா லீவில் வந்தபோது நானும் அப்படித்தான் ஒளிந்தேன்.