கல்வராயன் மலையில் விழுந்த என் பாராசூட்

கல்வராயன் மலையைச் சுற்றிப் பார்க்கும் எண்ணத்தில் நான் கிளம்பவில்லை. நான் தைத்த பாராசூட் ஒன்று அங்கே போய் விழுந்துவிட்டது. அதைத் தேடித்தான் போனேன். போன மே மாதம், ஒரு புதன்கிழமை.

என் வேலையைச் சொல்லிவிட்டால் மற்றது புரியும். சென்னைக்கு வெளியே ஒரு சிறிய தனியார் ராக்கெட் கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். அதற்கு முன் பதினான்கு வருடம் ஏற்றுமதி கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்தேன். ராக்கெட்டில் விலை கூடியது அடிப்பாகம்தான். எரிபொருள் தீர்ந்ததும் அது கழன்று கடலில் விழுந்து வீணாகிவிடும். அதைப் பாராசூட்டில் மெதுவாக இறக்கி, துடைத்து, திரும்பப் பறக்க விடுவதுதான் எங்கள் கம்பெனியின் முயற்சி. அந்தப் பாராசூட்டைத் தைப்பது நானும் இன்னும் இரண்டு பெண்களும்.

சோதனைக்காக, சின்ன அளவில் தைத்த பாராசூட்டை ஒரு கருவிப் பெட்டியோடு பலூனில் கட்டி உயரே அனுப்பி, அங்கிருந்து கழற்றி விடுவார்கள். நான் போனதற்கு முந்தைய சனிக்கிழமை திருக்கோவிலூர் பக்கத்துத் தரிசு நிலம் ஒன்றிலிருந்து முறையாக அனுமதி வாங்கி அனுப்பினார்கள். காற்று மேற்கே தள்ளிக்கொண்டு போனது. இறங்கும் வேகம் இருக்க வேண்டியதைவிட அதிகம். கடைசியில் மலைக்குப் பின்னால் பெட்டியின் சிக்னலும் போய்விட்டது.

திங்கட்கிழமை அலுவலகத்தில், "தையல் விட்டிருக்கும்" என்று ஒருவர் சொன்னார். அது உண்மையானால் தையல் வேலையை வெளியே கொடுத்துவிடுவார்கள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். தேடப் போகும் எஞ்சினியர் கௌதமிடம் நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வாங்கக்கா, பார்த்தா உங்களுக்குத்தான் புரியும்" என்றார்.

கிளாம்பாக்கத்தில் காலை 5.10-க்குப் பஸ். டிக்கெட் 230 ரூபாய். 10.20-க்குக் கள்ளக்குறிச்சி. பஸ் நிலையத்தை ஒட்டிய கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு 10.50-க்கு வெள்ளிமலை பஸ் பிடித்தோம். கச்சிராயபாளையம் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள், இட்லியையும் குறைத்துக்கொள்ளுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். வழியில் பெரியார் அருவியில் பாறைதான் அதிகம், தண்ணீர் நூல் போல வழிந்தது. அருவிக்காகப் போகிறவர்கள் மழைக்காலம் முடிந்து போவது நல்லது.

வெள்ளிமலையில் 12.40-க்கு இறங்கினோம். ஒரு நாள் வாடகை 2,500 ரூபாய் பேசி ஒரு ஜீப் எடுத்தோம். ஓட்டுநர் ரவிக்கு நாற்பது வயதிருக்கும். எங்களுக்கு இருந்த ஒரே தகவல் கௌதமின் செல்போனில், சிக்னல் நின்ற இடத்தைக் காட்டிய புள்ளி. அதை ரவி பார்க்கக்கூட இல்லை.

"இன்னா சார் தேடறீங்க?"

கௌதம் பாராசூட் என்றதும், "வெள்ளையும் ஆரஞ்சுமா, குடை மாதிரி? அது அலமேலு வூட்ல கீது சார்! ஊரே போய்ப் பாத்துட்டு வந்துச்சே" என்றார்.

பதினான்கு கிலோமீட்டர். அதில் கடைசி நான்கு வெறும் கல். அதற்கு ஐம்பது நிமிஷம் பிடித்தது. வழியெல்லாம் என் கண்ணில் மலை படவே இல்லை. நூல் அறுந்து தொங்கும் என் தையல்தான் தெரிந்தது.

அலமேலுவுக்கு என் வயதுதான் இருக்கும். மரவள்ளித் தோட்டத்தின் ஓரத்தில் வீடு. கருவிப் பெட்டியைக் கூடையால் மூடி, ஆடு முட்டாமல் சுற்றிலும் கல் அடுக்கி வைத்திருந்தார். பாராசூட்டைப் புடவை மாதிரி மடித்து உள்ளே இருந்து கொண்டுவந்தார்.

"கிழிஞ்சிகினு வந்து வுழுந்துச்சிங்க. யார்னா தேடிகினு வருவாங்கன்னு தெரியும். கிழிசலோட எப்பிடி குடுக்கறது? அதான் தெச்சி வெச்சேன்."

கௌதம் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். கிழிந்தது எப்படி என்று பார்க்க அத்தனை தூரம் வந்திருக்கிறோம், கிழிசலையே காணோம். நான் விரித்துப் பார்த்தேன். உச்சியில் தொடங்கி முக்கால் நீளத்துக்கு, கோணி ஊசியால் நீல நூலில், ஒரே சீரான கைத்தையல். ஓரத்தை வெட்டாமல் உள்ளே மடித்துத் தைத்திருந்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பிரித்தால் கிழிந்த விளிம்பு அப்படியே இருக்கும்.

"ரொம்ப நல்லா தெச்சிருக்கீங்க. ஆனா இத நான் பிரிக்கணுமே, தப்பா நெனைக்காதீங்க" என்றேன்.

"பிரிச்சிக்கோங்க, உங்க துணிதானே" என்று அவரும் பக்கத்தில் உட்கார்ந்து மறு முனையிலிருந்து பிரிக்க ஆரம்பித்தார்.

"நீங்க எடுக்கும்போது நூல் அறுந்து தொங்கிச்சா?"

"இல்லிங்க. நூலு ஒண்ணும் ஆவல. துணிதான் போயிருந்துச்சி. ஊசி ஓட்டை வரிசையா இருந்துச்சில்ல, அதும்மேலயே கிழிஞ்சிகினு போயிருக்குது. சாக்கு தெக்கும்போதே தெரியுங்களே, ரொம்ப நெருக்கி குத்தனா தாங்காது."

பிரித்து முடித்தபோது அவர் சொன்னதுதான் தெரிந்தது. தபால் தலையைக் கிழித்த மாதிரி, மூன்றாவது தையல் வரிசையின் ஓட்டைகள் வழியாகவே துணி பிளந்திருந்தது. தைக்கக் கொடுத்த வரைபடத்தில் இருந்தது இரண்டே வரிசை. மூன்றாவது, இரண்டு போதுமோ போதாதோ என்ற பயத்தில் நானாகப் போட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பலமாகத்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். "கௌதம், இந்த வரிசை படத்துல கிடையாது. நான் போட்டேன்" என்றேன்.

அவர் குனிந்து அந்த வரிசையைப் பார்த்தார். பிறகு செல்போனில் படம் எடுக்கத் தொடங்கினார். "நீங்க சொல்லலைன்னா துணி சரியில்லைன்னு மில் மேல பழியைப் போட்டுட்டு, அடுத்ததையும் இப்படியே தச்சு அனுப்பியிருப்போம்கா" என்றார். கோபம் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அலமேலு எழுந்து போய்ச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்தார். மூன்று தட்டு, ரவிக்கும் சேர்த்து.

மாலை கடைசிப் பஸ் போய்விட்டதால் அதே ஜீப்பில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினோம். கீழே வர 1,000 ரூபாய் கூடுதல். அப்போதுதான் மலையைப் பார்த்தேன். அடுக்கடுக்காக அத்தனை பச்சை இருந்திருக்கிறது.

அலுவலகத்தில் நடந்ததை நானே எழுதிக் கொடுத்தேன். திட்டு விழுந்தது. படத்தில் இல்லாத ஒரு தையலையும் கேட்காமல் போடக்கூடாது என்று புது விதி வந்தது. வேலை எங்களிடமே இருந்தது. இரண்டே வரிசையில் தைத்த அடுத்த பாராசூட் ஆகஸ்டில் தியாகதுருகம் பக்கம் ஒரு மக்காச்சோளக் காட்டில் மெதுவாக வந்து இறங்கியது. அலசிக் காயவைத்து அதையே இன்னும் இரண்டு முறை அனுப்பிவிட்டோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். வெள்ளிமலைக்கு மேல் சிக்னலை நம்பாதீர்கள். சில்லறைப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். ஜீப் வாடகையைத் திரும்பி வரும் பயணமும் சேர்த்துப் பேசுங்கள், நாங்கள் பேசவில்லை. கடைசிப் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். வழி தெரியாவிட்டால் செல்போனைப் பார்க்காமல் ஜீப்காரரைக் கேளுங்கள்.

மூன்றாவது முறையும் நல்லபடியாக இறங்கிய அன்று, ரவியின் போன் வழியாக அலமேலுவிடம் பேசினேன்.

"இந்த வாட்டி கிழியலிங்களா?"

"ஒரு இழைகூட போகலை. நீங்க சொன்னதுதான், நெருக்கிக் குத்தலை."

"அப்ப இந்தப் பக்கம் வரமாட்டீங்களா?" என்றார்.

மறுநாளே இரண்டு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், 'சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன்' என்று போட்டிருக்கிறேன்.