அவர் பார்க்காத நான்கு அடி

மகனின் முதல் நடையை அவன் அப்பாவிடம் மறைத்தது சரியா? இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் கணவருக்கு, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அந்த ஊர்க் கால்பந்து அணிதான் உயிர். திங்கட்கிழமைக் காலையில் அழைத்தார்.

“ஏட்டி, இந்தத் தடவையும் நம்மாளுவ ஓடவே இல்ல. ரெண்டு அடியில விழுந்துட்டானுவ.”

“மழை பெஞ்ச கரிசல்லயா ஓடுனாவ?”

சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

“நம்ம பய நடந்துட்டானா? நான் பார்க்காம நடக்க விட்டுராத.”

“இன்னும் இல்லியே” என்றேன். முந்தின நாள்தான், சுவரில் சாய்த்திருந்த அவருடைய ஹாக்கி மட்டையைப் பிடிக்க மகன் நான்கு அடி வைத்திருந்தான். அணி தோற்ற வருத்தத்தில் இருந்தவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

இப்போது மகன் கோவில்பட்டி வீடு முழுக்க நடக்கிறான். அவர் வீடியோவில் அழைத்தால், நடப்பது தெரியாமலிருக்க அவனை இடுப்பில் தூக்கிக்கொள்கிறேன். அவர் பொங்கலுக்குத்தான் வருவார். சொல்லிவிடலாமா? நீங்களே சொல்லுங்கள்.