கலியமூர்த்தி கழற்றிக் கொடுத்த மாலை

செம்மங்குப்பம் ஆலையில் காலை ஷிப்ட் முடிந்து வண்டியை எடுக்கும்போது கலியமூர்த்தியின் மனைவி போன் செய்தார். “அண்ணா, அவுரு போயிட்டாருண்ணா.” வயிற்றுப் புற்றுக்கட்டியை எடுத்துப் பதினோராவது நாள். பாய்லர் பிரிவில் அவனோடு நின்ற நம் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன், சாவு வீட்டில் சொல்லத் துணியாததையும் சேர்த்து.

குறிஞ்சிப்பாடிக்காரன், நக்கல் பிடித்தவன். கட்டி என்று தெரிந்த அன்றும், “ஊரு பாய்லரப் பாத்துக்கிட்டேன், சொந்த பாய்லர கோட்டை விட்டுட்டேன் மச்சான்” என்றான்.

சிதம்பரத்து டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். சர்க்கரை இருக்கிறது, எடை இறங்கிவிட்டது, ரத்தத்தில் புரதம் குறைவு, புகை வேறு. இப்படியே அறுத்தால் தையல் கூடாது. மூன்று வாரம் சிகரெட்டைத் தொடாமல், முட்டையும் மீனுமாகச் சாப்பிட்டுத் தேறி வரச் சொன்னார்.

வருடா வருடம் நாம் அம்மனுக்கு மாலை போடுவோம் அல்லவா, அதை இந்த முறை முன்கூட்டியே போட்டுக்கொண்டான். “போடுடா, அவ பாத்துப்பா” என்றவன் நான்தான். யார் சொல்லியும் விடாத சிகரெட்டை மாலை ஒரே நாளில் நிறுத்தியது. முட்டையையும் மீனையும் கூடவே நிறுத்தியது. ஒரு வேளைதான் சாப்பாடு, அதிலும் பாதி இலையில் கிடக்கும். சிகரெட் போனதே போதும் என்று நான் சந்தோஷப்பட்டேன், மடையன்.

சேர்க்கிற அன்று, நன்றாகச் சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். விரதத்தைச் சொன்னால் திட்டுவார், தேதியும் தள்ளிப்போகும் என்று பயந்து, “நல்லா சாப்பிட்டாரு மேடம்” என்றேன். சாப்பிட்டும் தேறவில்லை என்றால் இனிக் காத்திருந்து பயனில்லை என்று அவர் அந்தத் தேதியையே உறுதி செய்தார்.

தியேட்டர் வாசலில் மாலையைக் கழற்றச் சொன்னார்கள். என் கையில் கொடுத்தான். “கீழ வச்சிடாத மச்சான். வந்து போட்டுக்கறேன்.”

ஆறாம் நாள் தையல் விட்டது. காய்ச்சல், வயிறெல்லாம் சீழ். மறுபடி திறந்தார்கள். அப்போதுதான் டாக்டரிடம் விரதத்தைச் சொன்னேன். வயது, சர்க்கரை, புகை என்று பல காரணம் உண்டு, இதுதான் என்று சொல்ல முடியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பட்டினின்னு தெரிஞ்சிருந்தா பத்து நாள் குழாய்ல சத்து குடுத்துட்டு அப்புறம் செஞ்சிருப்போம்” என்றார்.

அவன் மனைவிக்கு, அந்தத் தங்கச்சிக்கு, இது தெரியாது. “கடைசி வரைக்கும் நீங்கதாண்ணா கூட இருந்தீங்க” என்று என்னைக் கும்பிட்டார். இதைப் படிக்கிற யாராவது அவரிடம் சொல்லுங்கள், எனக்கு வாய் வரவில்லை.

மாலையைக் கோயிலில் சேர்த்துவிடச் சொல்கிறார்கள். வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். சட்டைப் பையில்தான் இருக்கிறது. இன்னும் கீழே வைக்கவில்லை.