ஏலக்காட்டுக் கொட்டகையில் ஒரு மூலையில் மட்டும் சிக்னல்

ஈர விறகு எரியாது, புகையும். அந்தப் புகையும் பச்சை ஏலக்காய் வாசமும் சேர்ந்து போர்வை, பாவாடை, தலைமுடி எல்லாவற்றிலும் ஏறிவிடும்... எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

இந்த வாட்ஸ்அப் குரூப்பில் நான் அதிகம் எழுதுவதில்லை. இன்று கரண்ட் இல்லை, தறி ஓடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பத்தாவது பரீட்சை முடிந்த மறுநாளே அம்மாவோடு கிளம்பினேன். சங்கரன்கோவிலில் இருந்து கம்பம் வரை பஸ், அதற்கு மேல் ஜீப்பில் கேரள மலை. அம்மா வருஷா வருஷம் ஏலத்தோட்ட வேலைக்குப் போவாள். லீவு முடியும் வரை நானும் கூட இருப்பது, பள்ளிக்கூடம் திறந்ததும் இறங்கிவிடுவது... அதுதான் பேச்சு. பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் குரூப் எடுக்க வேண்டும் என்று நானும் என் வகுப்பு முத்துமாரியும் முடிவு செய்து வைத்திருந்தோம்.

தங்கியது தகரக் கூரை போட்ட கொட்டகை. சுற்றிலும் தார்ப்பாய். அம்மாவையும் என்னையும் சேர்த்து எட்டுப் பெண்கள் தரையில் சாக்கு விரித்து வரிசையாகப் படுப்போம். ஒருத்தி திரும்பிப் படுத்தால் எட்டுப் பேரும் திரும்ப வேண்டும்.

காலையில் அட்டைக்குப் பயந்து காலில் உப்பும் புகையிலைத் தூளும் தேய்த்துக்கொள்வோம். மழைக்கு பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போனால், குனிந்த முதுகு நிமிர்வது சாயங்காலம்தான். சோற்றுத் தட்டு முன்னால் இருக்கும்போதே கண் சொக்கும்.

கொட்டகையில் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே ஓர் ஆணி அடித்திருந்தது. எல்லோருடைய போனும் ஒரு துணிப்பையில் அந்த ஆணியில் தொங்கும். கையில் எடுத்து இரண்டடி நகர்ந்தால் லைன் போய்விடும். அதனால் தொங்கவிட்டபடியே ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். ஒருத்தி வீட்டு விஷயம் எட்டுப் பேருக்கும் தெரியும்.

பேச்சியக்காவின் வீட்டுக்காரர் தினமும் கூப்பிடுவார். "ஏட்டி, ரசத்துக்குப் புளி எம்புட்டு போடணும்?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருப்பவள் முந்திக்கொள்வாள். "நேத்து சொன்ன அதே அளவுதான் அண்ணாச்சி. ரசம் வைக்கியளா, புளி யாவாரம் பாக்கியளா?"

அந்தப் பக்கம் லைன் கட்டாகிவிடும். கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

நானும் சிரிப்பேன். ஆனால் எனக்கு யாரும் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று பயமாக இருக்கும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. நல்ல வேளையாக ரிசல்ட்டை முத்துமாரி மெசேஜில் அனுப்பினாள். பாஸ். நல்ல மார்க்.

ஜூனில் மழை பிடித்தது. ஒரு சாயங்காலம் சூப்பர்வைசர் கொட்டகைக்கு வந்தார். அம்மா பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள்.

"நாளைக்கு ஜீப்பு கீழ போவுது. எறங்குதவங்க இப்பவே சொல்லிருங்க. காய் எடுக்க ஆள் பத்தாது, அதையும் பாத்துக்கிடுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதே முழங்கால் வலி. சரிவில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. முத்துமாரி.

"ஏட்டி, நாளக்கழிச்சு கடைசி நாளு. கம்ப்யூட்டர் குரூப்புல ரெண்டு எடந்தான் இருக்காம். நீ வாரியா இல்லியான்னு டீச்சர் கேக்காவ. என்ன சொல்லட்டும்?"

கொட்டகையே கேட்டுக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் டம்ளரைக் கையில் வைத்தபடி நின்றார்.

"கேக்காள்லா, சொல்லுட்டி," என்றாள் அம்மா.

வாரேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. எல்லா முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது...

"பாக்கேன்," என்றேன்.

"என்னத்தப் பாக்க? ஏட்டி, நாளு..." அதற்குள் லைன் போய்விட்டது.

மறுநாள் ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியபோது நான் செடியடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

ஒரு வாரம் கழித்து, அடுப்பை ஊதிக்கொண்டே அம்மா சொன்னாள். "போறேன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அனுப்பிருப்பேன்லா. நீ பாக்கேன்னதும், சரி, புள்ளைக்குப் படிக்க இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டேன்."

அம்மா 'போ' என்று சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். இதைக்கூட அன்று அவளிடம் நான் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது ஊரில் தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறேன். மழை இல்லை, அட்டை இல்லை, தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது. ஆனால் மலையில் பட்ட அசதி மலையிலேயே போய்விடும். விடிந்ததும் ஓடைத் தண்ணீரில் முகம் கழுவினால் உடம்பு லேசாகிவிடும். இங்கே தூங்கி எழுந்தாலும் நேற்றைய அசதி அப்படியே இருக்கிறது...

இந்த வருஷம் அம்மா தனியாகத்தான் மலைக்குப் போயிருக்கிறாள். மூட்டை கட்டும்போது, "ப்ளஸ் டூவெல்லாம் தனியா எழுதலாமாம்லா. டுடோரியல்ல போயிக் கேளேன்," என்றாள். கேட்கிறேன் என்று தலையாட்டினேன்.

டுடோரியல் தறிக்கூடத்தில் இருந்து இரண்டு தெரு தள்ளித்தான். அம்மா போய் ஒரு மாதம் ஆகிறது. உள்ளே போனால் முதலில் என்ன கேட்பார்கள், எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே தெருமுனை வரை வருகிறேன். பிறகு கால் வீட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறது.

முத்துமாரி, நீயும் இந்தக் குரூப்பில் இருக்கிறாய். காலையில் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குக் கை காட்டுகிறாய். அன்று ஏன் வரவில்லை என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

சனிக்கிழமை அந்த டுடோரியல் வரை என்கூட வருவாயா? எல்லோரும் வாசிக்கிற இந்தக் குரூப்பில்தான் கேட்கிறேன்.