விளக்கு என்று சொல்லிவிட்டேன்

சுங்கை வே என்ற ஊரில் அம்மா வீட்டு வேப்பமரத்தை வெட்டும் முன் பொறுக்கிய விதைகளில் ஐந்துதான் முளைத்தன. பிரிக்பீல்ட்ஸில் என் ஃபிளாட்டுக்குள் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் கன்றுகளை அறைக்குள் வைத்து, செடி வளர்க்கும் ஊதா லைட் ஒன்றை மேலே தொங்கவிட்டிருந்தேன். காலையில் போடுவேன், இரவில் அணைப்பேன்.

வேலை விஷயமாக ஒரு வாரம் பினாங்கு போகவேண்டி வந்தது. எதிர்வீட்டு மேரி ஆன்டியிடம் சாவியைக் கொடுத்து, "தண்ணி ஊத்தி, விளக்கையும் கொஞ்சம் பார்த்துக்குங்க ஆன்டி" என்றேன்.

திரும்பி வந்து பார்த்தால் மூன்று கன்றுகள் கருகிக் கிடந்தன. லைட்டுக்குப் பக்கத்தில் பாதி உருகிய மெழுகுவர்த்தி வேறு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோபத்தோடு போய் ஆன்டி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் சொன்னார்: "ராத்திரி பகல் ஒரு நிமிஷம் அணைய விடல லா. நேத்து கரண்ட் போயிருச்சு, அதான் சர்ச் மெழுகுவர்த்திய ஏத்தி வச்சேன். வேப்பிலை உங்க அம்மன்தானே? சாமி விளக்கு அணையலாமா?"

எந்நாளும் லைட் என்று சொல்கிறவன், அன்று பார்த்து மரியாதையாக விளக்கு என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன். திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றேன். "தேங்க்ஸ் ஆன்டி" என்றுதான் வாயில் வந்தது.

மிஞ்சிய இரண்டும் இப்போது முழங்கால் உயரம். நான் கோயிலுக்குப் போகிற ஆள் இல்லை. ஆனாலும் இரவில் அந்த சுவிட்சில் கை வைக்கும்போது, அணைக்கலாமா என்று ஒரு நொடி கேட்டுக்கொள்கிறேன். யாரைக் கேட்கிறேன் என்றுதான் இன்னும் தெரியவில்லை.